ஊறிய பழமும் பிசைந்த பழமும்

மதுரையிலிருந்து இராஜபாளையம் தாண்டித் தென்காசி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை வலப்புறம் கூடவே வர, வாசுதேவநல்லூருக்கு முன்னால் வரும் ஊர் சிவகிரி. இந்தப் பக்கத்து ஊர்களில் மார்கழிக்கும் தைக்கும் இடையில் இரண்டு பண்டங்கள் வீடு மாறுகின்றன. மார்கழி பத்தாம் நாளை ஒட்டிக் கிறிஸ்தவ வீடுகளில் செய்த பழக் கேக், துண்டுகளாகிப் பட்டர் பேப்பரில் சுற்றப்பட்டு அடுத்த வீடுகளுக்குப் போகும். தைப்பூசம் முடிந்து பழனியிலிருந்து திரும்புகிறவர்கள் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து, சின்னக் கிண்ணங்களில் அக்கம்பக்கம் கொடுப்பார்கள். ஒன்று கறுத்த நிறத்தில், கத்தி போட்டு வெட்டும் கட்டி. மற்றது பழுப்பு நிறத்தில், கரண்டியை விட்டு எளிதில் இறங்காத குழைவு. ஒன்று தொழுவத்தில் பிறந்த குழந்தையின் திருநாளுக்கு உரியது. மற்றது கோவணத்தோடு மலையேறிய பிள்ளையின் திருமேனியில் வழிந்து வருவது.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கேக்கை வெள்ளைக்காரர் கொண்டுவந்த பண்டம் என்று ஒதுக்கிவைக்கிறோம். பஞ்சாமிர்தத்தைப் பிரசாதம் என்று வேறொரு வரிசையில் வைக்கிறோம். சமையலறைக் கண்ணோடு இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒரே குடும்பத்துச் சரக்குகள்: பேரீச்சை, திராட்சை, சர்க்கரை, பாலிலிருந்து எடுத்த கொழுப்பு, மணத்துக்கு ஒரு மலைச்சரக்கு. இத்தனை ஒற்றுமை எப்படி வந்தது, எந்த இடத்தில் இரண்டும் பிரிந்து போகின்றன என்பதைப் பார்ப்போம்.

இரண்டுக்கும் எதிரி ஒன்றே. பழத்தில் இருக்கும் நீர்தான் அது. மரத்திலிருந்து பறித்த பழம் அழுகுவது அதன் நீரை நம்பி நுண்ணுயிர்கள் வளர்வதால். சர்க்கரை போதுமான அளவில் சேர்ந்தால் அந்த நீரைத் தன்னோடு கட்டிப்போட்டுக்கொள்ளும். நீர் இருந்தும் நுண்ணுயிருக்கு உதவாது. உணவு அறிவியலில் இதை நீரின் செயல்திறன் என்ற அளவால் சொல்வார்கள். தூய நீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளர்வதில்லை. பெரும்பாலான பூஞ்சைகள் 0.80க்குக் கீழே அடங்கிவிடும். தேனின் அளவு 0.60 பக்கம். அதனால்தான் மூடிவைத்த தேன் கெடுவதில்லை. கேக் செய்கிறவரும் பஞ்சாமிர்தம் பிசைகிறவரும் இந்த எண்களை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இருவரும் ஒரே எச்சரிக்கையைத் தவறாமல் சொல்வார்கள்: ஈரக் கரண்டி போடாதே.

பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை என்பதே அதன் முதல் விதி. கேக்கிலும் பழத்தை ஊறவைக்க வேண்டியது தண்ணீரில் அல்ல. ரம், பிராந்தி, திராட்சை ரசம், இல்லையேல் ஆரஞ்சுச் சாறு. இப்படி விதியளவில் ஒன்றுபட்டாலும் செயலளவில் நேர் எதிர்த் திசைகளில் போகிறார்கள். கேக்குக்கு வரும் பழம் ஏற்கெனவே வெயிலில் காய்ந்தது. அதை ஊறவைத்து மீண்டும் கொழுக்கச் செய்கிறார்கள். பஞ்சாமிர்தத்துக்கு வரும் வாழை முழு ஈரத்தோடு வருவது. அந்த ஈரத்தைச் சர்க்கரையும் தேனும் குடித்துக்கொள்ளும்படி பிசைகிறார்கள். ஒருவர் காய்ந்ததை நனைக்கிறார், மற்றவர் நனைந்ததைக் கட்டுகிறார். போய்ச் சேரும் இடம் மட்டும் ஒன்று.

வித்தியாசம் என்று கேட்டால் யாரும் முதலில் சொல்வது நெருப்பு. கேக் ஓவனில் வேகிறது. பஞ்சாமிர்தம் அடுப்பையே பார்ப்பதில்லை. உண்மைதான். கால் கிலோ மைதா, அதே அளவு வெண்ணெய், அதே அளவு சர்க்கரை, நாலைந்து முட்டை, அரைக் கிலோ பழம் என்ற கணக்கில் கலந்த மாவு 150 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வரை இருக்க வேண்டும். சூடு கூடினால் மேலே கருகி நடுவில் மாவு வேகாமல் நிற்கும். பஞ்சாமிர்தத்துக்கோ சுத்தமான கையும் அகலமான பாத்திரமும் போதும்.

ஆனால் அந்தப் பாத்திரத்தில் விழும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். நாட்டுச் சர்க்கரை என்பது கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி நீரை விரட்டியது. நெய் என்பது வெண்ணெயை உருக்கி அதன் நீரைப் போக்கியது. கற்கண்டு, காய்ச்சிய பாகிலிருந்து படிகமாய் இறங்கியது. பேரீச்சையும் திராட்சையும் வெயிலில் சுருங்கியவை. தேன், பூவின் நீர்த்த இனிப்பைத் தேனீக்கள் சிறகால் விசிறி விசிறி நீரை ஓட்டி ஆக்கியது. ஏலக்காய் உலர்த்தியது. வாழைப்பழம் ஒன்றைத் தவிர அந்தப் பாத்திரத்தில் விழுவது எல்லாமே வேறெங்கோ நெருப்பிலோ வெயிலிலோ காற்றிலோ தன் நீரை இழந்துவிட்டு வந்தது. அடுப்பில்லாப் பண்டம் என்று நாம் நினைத்தது, பல அடுப்புகளின் வேலையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

கேக்கின் பக்கமும் அப்படியே. உலர்திராட்சை வெயிலில் காய்ந்தது. சர்க்கரை ஆலையில் காய்ச்சியது. ரம், வாலையில் வடித்தது. பப்பாளிக் காயிலிருந்து செய்யும் டூட்டி ஃப்ரூட்டி, பாகில் ஊறித் தன் நீரைக் கொடுத்துச் சர்க்கரையை வாங்கிக்கொண்டது. ஈரம் சுமந்து வருவது பெரும்பாலும் முட்டைதான், வெண்ணெயில் கொஞ்சம். ஆக, இரண்டுமே உலர்ந்த பொருள்களின் கூட்டம், நடுவில் ஈரமான ஒரே ஒரு விருந்தாளி. கேக்கில் அந்த விருந்தாளியை அடக்க ஓவன் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பச்சை முட்டையை வேறெதுவும் அடக்காது. பஞ்சாமிர்தத்தில் வாழையை அடக்கச் சர்க்கரையே போதும். நெருப்பு பற்றிய வித்தியாசம் என்று நாம் தொடங்கியது, முட்டை பற்றிய வித்தியாசமாக வந்து நிற்கிறது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த வாழைப்பழமும் எந்த வாழையும் அல்ல. பழனிக்கு உரியது விருப்பாச்சி மலைவாழை. தோல் கருத்த பிறகும் சதை இளகி நீர்விடாமல், பிசைந்தால் ஒட்டும் பதத்தில் நிற்பது. விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு உண்டு. அந்த வாழை இல்லாமல் நம் வீட்டில் பூவன்பழத்தைப் பிசைந்தால் ருசி வரும். மறுநாள் மாலைக்குள் ஓரத்தில் நீர் தேங்கத் தொடங்கும். கேக்கிலும் இதே தேர்வு உண்டு. ஆப்பிளையோ அன்னாசியையோ பச்சையாக நறுக்கிப் போட்டால் அன்றைக்கு மணக்கும், மூன்றாம் நாள் நடுவில் பூஞ்சை கட்டும். குறைந்த நீருள்ள பழத்தைத் தேடிப் பிடிப்பதில் கோயில் மடைப்பள்ளியும் வீட்டுச் சமையலறையும் ஒரே அறிவோடு இயங்குகின்றன.

காலத்தை இரண்டும் வேறுவேறாகச் செலவழிக்கின்றன. கேக்குக்காகப் பழத்தை நறுக்கி ஊறப்போடுவது ஐப்பசியிலேயே தொடங்கிவிடும். கண்ணாடி ஜாடியில் முந்திரி, திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாய் இறங்கும். வாரத்துக்கு ஒருமுறை குலுக்கிவிடுவார்கள். இங்கிலாந்தில் அட்வென்ட் காலத்துக்கு முந்திய ஞாயிறு, கிறிஸ்துமஸ் புட்டிங்கைக் கிண்டிவைக்கும் நாளாகவே வழங்குகிறது. ஊறாத பழத்தை அப்படியே மாவில் போட்டால், அது மாவிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கேக்கை வறட்டிவிடும். அதனால் முதலிலேயே அதன் தாகத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். வெந்த பிறகும் காத்திருப்பு முடிவதில்லை. சுற்றி மூடி வைத்த கேக்கில் மசாலாவும் மதுவும் பழத்திலிருந்து மாவுக்குள் பரவச் சில நாள்கள் வேண்டும். சுட்ட அன்றே வெட்டினால் உதிரும். ஒரு வாரம் கழித்து வெட்டினால் துண்டு முழுதாய் வரும்.

பஞ்சாமிர்தம் காத்திருப்பதில்லை. பிசைந்த கையோடு அபிஷேகத்துக்குப் போகலாம். அதன் காலமெல்லாம் பின்னால் இருக்கிறது: டப்பாவில் அடைபட்டு, பேருந்திலும் ரயிலிலும் ஏறி, ஊர்போய்ச் சேர்ந்து, பங்கிடப்படும் காலம். கேக் தயாராவதற்கு முன் நாள்களை எண்ணுகிறது; பஞ்சாமிர்தம் தயாரான பின் நாள்களை எண்ணுகிறது. வைத்திருந்தால் சுவை கூடும் என்ற நம்பிக்கை மட்டும் இரு தரப்பிலும் உண்டு, இரு தரப்பிலும் அது பொய்யல்ல. முதல் நாள் பஞ்சாமிர்தத்தில் கற்கண்டு தனியே கடிபடும், வாழை தனியே தெரியும். சில நாள் கழித்து எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஒரே சுவையாகும்.

பழக் கேக்கின் ஆயுளுக்கு ஓர் அபூர்வச் சான்று உண்டு. அண்டார்டிகாவில் கேப் அடேர் என்ற இடத்தில் உள்ள பழைய குடிலில், ராபர்ட் ஸ்காட்டின் பயணக்குழு 1911 வாக்கில் விட்டுச்சென்ற ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் பழக் கேக் ஒன்றை 2017இல் பாதுகாப்புப் பணியாளர்கள் கண்டெடுத்தார்கள். தகரப் பெட்டி துருப்பிடித்திருந்தது. உள்ளே காகிதத்தில் சுற்றிய கேக், பார்வைக்கும் மணத்துக்கும் ஏறக்குறைய தின்னத் தகுந்ததாகவே இருந்ததாம். உறைபனிக்கு அதில் பெரும் பங்கு உண்டென்பதை மறுக்க வேண்டாம். ஆனால் நெடுவழிப் பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த உணவு என்ற வகையில் அது பஞ்சாமிர்த டப்பாவுக்குத் தம்பி முறைதான். பாதயாத்திரை போனவர் மலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார். கடற்பயணம் போனவர் வீட்டிலிருந்து பனிக்குக் கொண்டுபோகிறார். பண்டம் போகும் திசை மாறுகிறதே தவிர, கெடாத இனிப்பு வழிக்குத் துணை என்ற எண்ணம் மாறவில்லை.

இந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக்கின் தொடக்கத்தைத் தேடிப் போனால் தலச்சேரியில் போய் நிற்போம். அங்கே பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய மாம்பள்ளி பாப்புவிடம், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் பிரவுன் என்ற துரை, இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைச் சுவைக்கக் கொடுத்து, இதேபோல் செய்து தரக் கேட்டார். பாப்பு 1883 டிசம்பரில் செய்துகொடுத்தார் என்பது அக்குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு. மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படி துரை சொன்னாராம். பாப்பு அதை வாங்கவில்லை. முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்து ஊரில் வடித்த சாராயத்தை ஊற்றினாராம். கதலி என்பது வாழை. பழனிப் பாத்திரத்தின் தலைமைப் பொருள், இந்தியக் கிறிஸ்துமஸ் கேக்கின் கதையிலும் முதல் பக்கத்திலேயே இடம்பிடித்திருக்கிறது, உருவம் மட்டும் மாறி. துரை ருசி பார்த்து மேலும் ஒரு டஜன் கேட்டார் என்று கதை முடிகிறது.

தென்காசிப் பக்கத்துக்குக் கேக் வந்த வழிகள் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று திருநெல்வேலி மிஷன் வழி. மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். பிறகு சுரண்டை, நல்லூர் என்று வடமேற்கிலும் சபைகள் வளர்ந்தன. ஆனால் அந்த வீடுகளின் கிறிஸ்துமஸ் பலகாரம் நெடுங்காலம் அதிரசமும் முறுக்கும் முந்திரிக்கொத்துமாகவே இருந்தது. மிஷனரி பங்களாவில் கேக் இருந்திருக்கலாம். சபையார் வீட்டில் ஓவன் ஏது? மற்றொரு வழி ஆரியங்காவு கணவாய். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்தது. மலைக்கு அப்பால் முந்திரிப்பருப்புக்குப் பெயர்போன கொல்லம். கேரளத்துப் பேக்கரிகளின் கறுத்த பிளம் கேக் அந்தச் சாலை வழியே இறங்கி வருவது இயல்பு. இன்று சிவகிரியில் வீட்டில் செய்கிற கேக்கும் அந்தக் கேரள நிறத்தையே கொண்டிருக்கிறது. சர்க்கரையை வாணலியில் கருகும் எல்லைவரை காய்ச்சி வெந்நீர் விட்டு எடுக்கும் பாகுதான் அந்தக் கறுப்பு. பஞ்சாமிர்தத்தின் பழுப்புக்கு நாட்டுச் சர்க்கரை எப்படியோ, கேக்கின் கறுப்புக்கு அந்தப் பாகு அப்படி. வெள்ளைச் சர்க்கரையை வெள்ளையாகவே விட இரு தரப்புக்கும் மனமில்லை.

ஓவன் இல்லாத வீடுகள் கண்ட உபாயங்களைப் பற்றித் தனியே எழுதலாம். அகலமான சட்டியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து, மூடியின் மேல் கங்கு பரப்புவது ஒரு முறை. பிரஷர் குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணலோ உப்போ இட்டுச் சுடுவது அடுத்த தலைமுறையின் முறை. கலந்த மாவை அப்படியே தட்டோடு பேக்கரிக்குக் கொண்டுபோய், ரொட்டி சுட்டு முடிந்த அடுப்பின் மீதிச் சூட்டில் வைத்து வாங்குவது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்த ஊர்களில் எல்லாம் வழக்கம். பஞ்சாமிர்தத்துக்கு இத்தகைய அல்லல் எதுவும் இல்லை. அதனாலேயே எந்த எளிய வீட்டிலும் சஷ்டிக்கோ கார்த்திகைக்கோ ஒரு கிண்ணம் செய்ய முடிகிறது. செய்யும் எளிமையில் பஞ்சாமிர்தத்துக்கே என் வாக்கு.

மதுவின் கதை வேறு. பஞ்சாமிர்தத்தில் தேன் செய்யும் வேலையில் பாதியைக் கேக்கில் ரம் செய்கிறது: நுண்ணுயிரை ஒதுக்குகிறது, மணத்தைப் பழத்துக்குள் கடத்துகிறது. ஆனால் சென்னை மாகாணம் முழுதும் 1948இல் மதுவிலக்கு வந்து 1971 வரை நீடித்தது. அந்தத் தலைமுறைத் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டுக் குறிப்பில் ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாறும் திராட்சைச் சாறும் நிற்பதற்குச் சட்டமும் ஒரு காரணம், சபையின் ஒழுக்கமும் ஒரு காரணம். மதுவைத் தொடவே கூடாது என்று இன்றும் உறுதியாக இருக்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். சாற்றில் ஊறிய பழம் வெளியே மாதக்கணக்கில் நிற்காது. குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் சுட்டுவிட வேண்டும். சுடும் முன் அந்தச் சாற்றில் இரண்டு கரண்டி தேன் சேர்க்கிறவர்கள் உண்டு. மதுவை நீக்கிய கேக் இப்படி ஓர் அடி எடுத்து வைப்பது பஞ்சாமிர்தத்தை நோக்கித்தான்.

அந்தத் திசையில் இன்னும் பல அடி எடுத்து வைத்தது இலங்கையின் கிறிஸ்துமஸ் கேக். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ரிச் கேக் என்று வழங்கும் அதில் மைதாவுக்குப் பதில் ரவை. சர்க்கரைப் பாகில் பதப்படுத்திய நீற்றுப்பூசணித் துண்டு, பாகில் ஊறிய இஞ்சி, முந்திரி, தேன், ஏலக்காய், பன்னீர். மாவின் பங்கு குறைந்து பழத்தின் பங்கு கூடிக் கூடி, வெட்டிய துண்டு பிசுபிசுப்பாய் விரலில் ஒட்டும். அதனால் சிறு சிறு சதுரமாக வெட்டித் தனித்தனியே காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். வடக்கே அலகாபாத்தின் கேக்கிலும் இதே நீற்றுப்பூசணி, பேட்டா என்ற பெயரில் கிடக்கிறது. வெண்ணெயின் இடத்தில் நெய் நிற்கிறது. கேக்கையும் பஞ்சாமிர்தத்தையும் இரு முனைகளில் வைத்து நடுவில் கோடிழுத்தால், இலங்கைக் கேக்குக்கு அந்தக் கோட்டில் நிச்சயம் ஓரிடம் உண்டு. அது பழனி முனைக்கு நாம் எதிர்பார்ப்பதைவிட நெருக்கமான இடம்.

மணத்துக்கு வருவோம். கேக்கில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, பஞ்சாமிர்தத்தில் ஏலக்காய். இவற்றில் எதையும் சீமைச் சரக்கு என்று சிவகிரியில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கிராம்பு, ஜாதிக்காய், பட்டை மரங்களைக் கொண்டுவந்து நட்டுத் தோட்டம் போட்ட இடம் குற்றாலம். ஏலக்காய் அதே மலைத்தொடரின் உச்சிகளில் விளைவது. கரும்பு வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் விளைகிறது. கேக் மாவில் தோல் துருவிச் சேர்க்க எலுமிச்சை வேண்டுமானால் புளியங்குடிச் சந்தைக்குப் போனால் போதும். மைதாவும் வெண்ணெயும் உலர்பழமும்தான் வெளியிலிருந்து வர வேண்டும். பஞ்சாமிர்தத்தின் பொருள்கள் இவ்வளவு பக்கத்தில் இல்லை என்பது வியப்பு: பழனிக் கோயிலுக்கு நாட்டுச் சர்க்கரை ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி ஏலத்திலிருந்து வருகிறது; பேரீச்சை அரபு நாடுகளின் கொடை. அயல் பண்டம் என்று நாம் எண்ணியது உள்ளூர்த் தோட்டத்தில் காலூன்றியிருக்கிறது. நம் பண்டம் என்று எண்ணியது பாலைவனத்துப் பழத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

செய்கிறவர் யார் என்பதில் இரண்டும் விலகுகின்றன. கேக்கின் அளவு வீட்டுக்கு வீடு வேறு. மாமியார் வீட்டில் ஜாதிக்காய் கூடும். தாய் வீட்டில் பேரீச்சை கூடும். எழுதிய குறிப்பு இருந்தாலும் அது ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் இருக்கும், அதிலும் பாதி அளவு டம்ளர் கணக்கு. பஞ்சாமிர்தத்தின் அளவு கோயிலுடையது. 2019 ஆகஸ்டில் பழனிப் பஞ்சாமிர்தம் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அந்தத் தகுதியை முதலில் பெற்றது அதுதான். என்ன பொருள்கள் சேர வேண்டும், எந்தப் பகுதியில் செய்ய வேண்டும், எதைச் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் அரசுப் பதிவேட்டில் எழுத்தில் இருக்கிறது. ஒன்று ஊரறிந்த முறை, ஊருக்குப் பொதுவான சுவை. மற்றது ஒரு குடும்பம் மட்டுமே அறிந்த முறை. அந்தக் கை ஓய்ந்தால் சுவையும் ஓய்ந்துபோகக் கூடியது.

கொடுப்பதில் மீண்டும் சேர்கின்றன. தனக்கென்று மட்டும் கேக் சுடுகிற வீடும் இல்லை, தனக்கென்று மட்டும் பஞ்சாமிர்தம் வாங்கி வருகிறவரும் இல்லை. ஆனால் வாங்கிக்கொள்ளும் கை சில வேளை தயங்கும், இரு புறமும். முட்டை சேர்ந்ததா, மது ஊற்றியதா என்று ஒரு வீட்டில் யோசிப்பார்கள். படைத்ததை உண்ணலாமா என்று இன்னொரு வீட்டில் யோசிப்பார்கள். பின்னது பழைய கேள்வி. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் முழுவதும் அதைப் பற்றியதுதான். முன்னதற்கு ஊர் கண்ட விடை, தயிர் சேர்த்து முட்டையில்லாமல் சுட்ட கேக்கைத் தனியே எடுத்துவைப்பது. பின்னதற்குக் கண்ட விடை, கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே பிசைந்த பஞ்சாமிர்தத்தில் ஒரு கிண்ணம் படைக்கும் முன்பே எடுத்துவைத்துக் கொடுப்பது. இரண்டு விடைகளும் ஒரே அச்சில் வார்த்தவை: அடுத்த வீட்டாரின் விலக்கை மதித்து, கொடுப்பதை மட்டும் நிறுத்தாமல் இருப்பது. பண்டிதர்கள் யாரும் உட்கார்ந்து வகுத்த ஏற்பாடு அல்ல இது. பண்பொழித் திருமலைக்குக் காவடி எடுக்கும் வீடும், ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் தெருக்களில் பெண்கள் கண்ட ஏற்பாடு.

எது சிறந்தது என்ற கேள்விக்கு என்னால் ஒரே விடை சொல்ல முடியவில்லை. கேள்வியைப் பிரித்தால் சொல்ல முடியும். பொருள்களின் சிக்கனத்திலும் செய்முறையின் தெளிவிலும் பஞ்சாமிர்தம் முந்துகிறது. அதிலிருந்து எதையும் எடுக்கவும் முடியாது, அதில் எதையும் சேர்க்கவும் தேவையில்லை. சேர்ந்த ஊரின் பொருளை ஏற்றுக்கொள்ளும் தாராளத்தில் கேக் முந்துகிறது. தலச்சேரியில் கதலிச் சாராயம், அலகாபாத்தில் பேட்டா, யாழ்ப்பாணத்தில் ரவை, சிவகிரியில் ஆரஞ்சுச் சாறு என்று எதைக் கொடுத்தாலும் அது கேக்காகவே நிற்கிறது. சுவையில் நடுவராக இருக்க நான் விரும்பவில்லை. பதப்படுத்தும் அறிவில் இரண்டும் சமம் என்பதே என் முடிவு.

ஒரே ஒரு குறை மட்டும் சமமாக இல்லை. பஞ்சாமிர்தத்தின் முறையைக் காக்கக் கோயிலும் பதிவேடும் இருக்கின்றன. வீட்டுக் கேக்குக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே இந்த ஐப்பசியில் ஜாடியில் பழம் ஊறப்போடும் வீட்டார், அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் இருக்கும்போதே அந்த அளவுகளை எழுதிவையுங்கள். டம்ளர் கணக்கில் சொன்னால் அந்த டம்ளரை நிறுத்துப் பார்த்துக் கிராமில் எழுதுங்கள். எந்தச் சாறு, எத்தனை நாள், மணல் சட்டியா குக்கரா என்பதையும் சேருங்கள். கீழே செய்தவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள்.